மலை ஏன் சேறாகிறது?

ராயக்கோட்டை மலையை எதிரே உட்கார்ந்து ஆயில் பெயிண்டில் வரைகிறேன். முடிப்பதற்குள் வெயில் நகர்ந்து நிழலெல்லாம் இடம் மாறிவிடுகிறது. கடைசியில் மலை சேறாகத் தெரிகிறது. என்ன செய்வது?
– சிப்காட் ஊழியர், ஓசூர்

நிழலைத் துரத்துவதை முதலில் விடுங்கள். உட்கார்ந்த கையோடு நிழல்களின் எல்லையை நீர்த்த பழுப்பு நிறத்தில் குறித்துவிடுங்கள். அப்புறம் சூரியன் எங்கே போனாலும் அந்தக் கோடுதான் சட்டம். ஒரே மாதிரி வெளிச்சம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்காது. ஆகவே பெரிய கேன்வாஸ் வேண்டாம், 8க்கு 10 அங்குலப் பலகை போதும். மறுநாள் தொடர்வதென்றால் அதே நேரத்துக்குப் போங்கள். ஷிஃப்ட் மாறிவிட்டதா? வேறு பலகையில் வேறு படம் தொடங்குங்கள்.

சேறாவது, ஈர வண்ணத்தின் மேல் தூரிகையை மறுபடி மறுபடி தேய்ப்பதால். டர்பன்டைன் கலந்து மெல்லிய அடிப்பூச்சு, அதில் அடர்நிழல்கள் முதலில். வெயில் படும் பாறை முகங்களைக் கடைசியில் தடிமனாக ஒரே இழுப்பில் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் தூரிகையைத் துணியில் துடையுங்கள். பாறை நிழலுக்குக் கறுப்பைத் தொடவே வேண்டாம். அல்ட்ராமெரைனும் பர்ன்ட் சியன்னாவும் சேர்ந்தால் போதும். பின்னால் தெரியும் குன்றுகளுக்கு நீலமும் வெள்ளையும் கூடட்டும்.

இதே ராயக்கோட்டையை 1792இல் ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் வரைந்தார்கள். இங்கே எடுத்தது ஸ்கெட்ச்தான்; லண்டன் போய்த்தான் அச்சுப் படமாக்கினார்கள். நீங்கள் ஓசூர் வீட்டுக்குப் போய் முடித்தால் யாரும் கேட்கப் போவதில்லை.