சுருக்கச் சொல்லும் முன்

இடுப்புத்தளச் சிகிச்சைக்கு இப்போதுதான் வந்திருக்கும் பிசியோதெரபிப் பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். தோளும் முழங்காலும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இங்கே பிடிப்பு கிடைக்காது. தசை வெளியே தெரியாது, எந்த மூட்டும் அசையாது. நோயாளி என்ன செய்கிறார் என்பது உங்களுக்கும் தெரியாது, பல நேரம் அவருக்கும் தெரியாது. தசைக்குப் பலம் ஏற்றுவது பிறகு. முதலில், இருப்பதே தெரியாத ஓர் அசைவை அவர் தன் உடம்பில் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குத் துணை நிற்பதுதான் உங்கள் முதல் வேலை.

1. கதவைச் சாத்திவிட்டுப் பேசுங்கள். "இருமினா ஒண்ணுக்கு வந்துடுதும்மா" என்று சொல்வதற்கு முன்னால் ஒரு பெண் முதுகுவலி, கால்வலி எல்லாவற்றையும் சொல்லி முடிப்பார். அவசரப்படுத்தாதீர்கள். கூட வந்த மாமியாரோ மகனோ வெளியே இருக்கட்டும். அவரே கேட்டால் மட்டும் உள்ளே வரலாம். "பிள்ளை பெத்தவளுக்கு இதெல்லாம் சகஜம்" என்று கேட்டுக் கேட்டு வந்திருப்பார். பலருக்கும் வருவதுதான், ஆனால் சகித்துக்கொண்டு கிடக்க வேண்டியதில்லை என்பதை அன்றே சொல்லிவிடுங்கள்.

2. படம் வரைந்து காட்டுங்கள். அடிவயிற்றின் கீழே முன்பக்க எலும்பு, பின்னால் வால் எலும்பு, இரண்டுக்கும் நடுவே தூளி கட்டியதுபோல் தொங்கும் இடுப்புத்தளத் தசை, அதன் மேல் சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல். பெண்ணுக்கு மூன்று வாசல், ஆணுக்கு இரண்டு. பிறகு கெட்டியான நாற்காலியில் உட்கார வைத்து, அந்த எலும்புகளை அவர் கையாலேயே தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஐம்பது வயதில் முதன்முறையாகத் தன் உடம்பின் அந்தப் பகுதியைத் தெரிந்துகொள்பவர்கள் உண்டு. அந்த நிமிடத்துக்கு மரியாதை கொடுங்கள்.

3. அச்சடித்த தாளை மட்டும் கையில் கொடுத்து அனுப்பாதீர்கள். இடுப்புத்தளத்தைச் சுருக்கி விடும் இந்தப் பயிற்சிக்குப் பெயர் தந்த அமெரிக்க மகளிர் மருத்துவர் அர்னால்ட் கெகல், 1948-இல் இதைப் பற்றி எழுதியபோது வெறும் வாய்வார்த்தையை நம்பவில்லை. விரலால் சோதித்தார். பெரினியோமீட்டர் என்ற அழுத்தமானியை உருவாக்கினார். தசை சுருங்கும்போது முள் நகர்வதைப் பெண்கள் தாங்களே பார்த்தார்கள். பயிற்சி உலகமெங்கும் பரவியது. பார்த்துக் கற்கும் பகுதி மட்டும் வழியில் விட்டுப்போயிற்று. அதன் விலை என்ன என்பதை 1991-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. 47 பெண்களுக்குச் சுருக்கமாக வாயால் மட்டும் சொல்லிக்கொடுத்தார்கள். ஏறக்குறையப் பாதிப் பேர்தான் சரியாகச் செய்தார்கள். கால்வாசிப் பேர் செய்த விதம் சிறுநீர்க் கசிவை அதிகமாக்கக்கூடியது. இறுக்கச் சொன்னால் முக்குகிறார்கள்; நாள்தோறும் அக்கறையோடு, தவறாமல் முக்குகிறார்கள். நன்மை தேடி வந்தவருக்கு நம் தாளே கெடுதல் செய்கிறது.

4. உள்சோதனை கட்டாயமில்லை. என்ன செய்யப் போகிறீர்கள், எதற்காக, எப்போது வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லலாம் என்று விளக்கி, சம்மதம் கேளுங்கள். தயங்கினால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்தே பார்க்கலாம், அடிவயிற்றில் அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்க்கலாம். கருவி ஒன்றும் இல்லாத இடத்தில் ஒரு துண்டைக் கெட்டியாகச் சுருட்டி நாற்காலியில் நீளவாக்கில் வைத்து, அதன்மேல் உட்காரச் சொல்லுங்கள். சரியாகச் சுருக்கினால் துண்டிலிருந்து உடம்பு லேசாக உள்ளே விலகுவது அவருக்கே தெரியும். முக்கினால் துண்டின் மேல் அழுத்தம் கூடும்.

5. எந்தச் சொல்லுக்கு உடம்பு இணங்குகிறது என்று தேடுங்கள். "காத்து பிரியாம அடக்குற மாதிரி" என்றால் பலருக்குச் சட்டென்று பிடிபடும். சிலருக்கு "ஒண்ணுக்கை நிறுத்துற மாதிரி" என்று சொல்ல வேண்டும். ஆனால் கழிப்பறையில் பாதியில் நிறுத்தி நிறுத்திப் பழக விடாதீர்கள். சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகும் பழக்கம் அதனால் கெடலாம். புரோஸ்டேட் அறுவைக்குப் பின் வரும் ஆண்களுக்கு வேறு சொல் வேண்டும். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அல்ட்ராசவுண்டில் பார்த்து 2015-இல் எழுதினார்கள்: ஆண்குறியை உள்ளிழுத்துக் குட்டையாக்கச் சொன்னபோதுதான் சிறுநீர்க்குழாயைச் சுற்றிய தசை அதிகமாக அசைந்தது. கூச்சப்படாமல் சொல்லுங்கள். நீங்கள் கூச்சப்பட்டால் அவரும் கூச்சப்படுவார்.

6. சுருக்கச் சொன்னதும் முகத்தைப் பாருங்கள். புருவம் மேலே ஏறும். மூச்சு நின்றுவிடும். பிட்டம் இறுகி உடம்பே அரை அங்குலம் உயரும். தொடைகள் ஒட்டும், கால் விரல்கள் மடங்கும், வயிறு உள்ளே ஒட்டிக்கொள்ளும். பெருமுயற்சி தெரிகிறதா, அப்படியென்றால் பக்கத்துத் தசைகள்தான் வேலை செய்கின்றன. திட்டாதீர்கள். "பாதி பலம் போதும்மா, இன்னும் குறைச்சுப் பாருங்க" என்று சொல்லுங்கள். சிறிதாகச் செய்யும்போதுதான் அந்த மெல்லிய உள்ளிழுப்பு உணர்வுக்குத் தட்டுப்படும். சரியாகச் செய்பவரின் முகத்தில் ஒன்றுமே தெரியாது. பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்வார்.

7. விடுவதும் பாடம்தான். ஒவ்வொரு சுருக்கத்துக்குப் பின்னும் தசை முழுதாகத் தளர்ந்ததா என்று பாருங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது உதரவிதானம் இறங்கும், இடுப்புத்தளமும் கூடவே சற்று இறங்கும். மூச்சை விடும்போது இரண்டும் ஏறும். முதலில் அந்த ஏற்ற இறக்கத்தைப் படுத்தபடி கவனிக்கக் கற்றுக்கொடுங்கள். தாம்பத்தியத்தில் வலி, முக்கினாலும் போகாத மலச்சிக்கல், சிறுநீர் தொடங்கவே தாமதம் என்று வருபவர்களில் பலருக்குத் தசை ஏற்கெனவே இறுகித்தான் இருக்கும். அப்படி இறுகியவர்களுக்குக் கெகல் பயிற்சி கொடுத்தால் வலி கூடலாம். அவர்கள் முதலில் கற்க வேண்டியது தளர்த்துவதை.

8. திரையைக் காட்டுங்கள், பிறகு மறையுங்கள். பயோஃபீட்பேக் கருவியில் கோடு ஏறுவதைப் பார்த்தால் நோயாளிக்குச் சந்தோஷம், நமக்கும். ஆனால் கோட்டையே பார்த்துப் பழகியவருக்கு வீட்டில் கோடு இல்லை. சில முறை காட்டியதும் திரையைத் திருப்பி வைத்து, "இப்ப வந்ததா? போன தடவையைவிடக் கூடவா, குறைவா?" என்று கேளுங்கள். அவர் சொன்ன பிறகு காட்டுங்கள். அவர் சொல்வதும் கோடு சொல்வதும் ஒத்துப்போகத் தொடங்கும் நாளில் கருவிக்கு வேலை குறைந்துவிட்டது என்று அர்த்தம்.

9. எண்ணிக்கை பிறகுதான். பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பின் வழிகாட்டுதல், ஒரு வேளைக்குக் குறைந்தது 8 முறை, நாளுக்கு 3 வேளை, மேற்பார்வையோடு குறைந்தது 3 மாதம் என்கிறது. நல்ல அளவுதான், அசைவு சரியாக வந்தவருக்கு. மூன்று நொடி மட்டும் பிடிக்க முடிகிறவருக்குப் பத்து நொடி என்று எழுதிக் கொடுத்தால், நான்காம் நொடியிலிருந்து பிட்டம்தான் பிடிக்கும். வடிவம் கலைந்ததும் நிறுத்தச் சொல்லுங்கள். இந்தத் தசையில் மெதுவாக நீடித்து உழைக்கும் இழைகளே மிகுதி, சட்டென்று சுருங்குபவையும் உண்டு. அதனால் நிறுத்திப் பிடிப்பதும் வேண்டும், பட்டென்று சுருக்கி விடுவதும் வேண்டும். ஆரம்ப வாரங்களில் சமைத்துக்கொண்டே, சீரியல் பார்த்துக்கொண்டே செய்யச் சொல்லாதீர்கள். கவனம் வேறு எங்கோ இருந்தால் பழகுவது பழைய தப்பாகத்தான் இருக்கும். கை வந்த பிறகு குக்கர் விசிலுக்கு ஒருமுறை செய்யட்டும்.

10. கட்டிலோடு நிறுத்திவிடாதீர்கள். பலருக்கும் படுத்திருக்கும்போது பெரிதாகக் கசிவதில்லை. தண்ணீர்க் குடத்தை இடுப்புக்கு ஏற்றும்போது, படியிறங்கும்போது, தும்மும்போதுதான் கசிகிறது. படுத்து வந்தது உட்கார்ந்து வர வேண்டும், பிறகு நின்று, குனிந்து, எடை தூக்கி வர வேண்டும். ஒவ்வொரு நிலையிலும் கொஞ்சம் புதிதாகக் கற்க வேண்டியிருக்கும்; பின்னடைவு என்று அவர் பயந்துவிடாமல் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இருமலுக்கு ஒரு நொடி முன்னால் சுருக்கிப் பிடிக்கப் பழக்குங்கள். அமெரிக்காவின் மிச்சிகனில் லேசான கசிவு இருந்த வயதான பெண்களுக்கு இதை மட்டும் சொல்லிக்கொடுத்து, 1998-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரே வாரத்தில் இருமும்போது கசிவது வெகுவாகக் குறைந்திருந்தது. ஒரு வாரத்தில் தசை பருத்துவிடாது. அவர்கள் கற்றுக்கொண்டது நேரத்தை.

சிகிச்சை அறையில் ஒரு பிளாஸ்டிக் குடம் வைத்துக்கொள்ளுங்கள். காலியாக, பிறகு பாதித் தண்ணீரோடு, மூச்சை விட்டபடி தூக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

11. சில அறிகுறிகளுக்குப் பயிற்சி பதில் அல்ல. சிறுநீரில் ரத்தம், எரிச்சலோடு காய்ச்சல், மாதவிடாய் நின்றபின் ரத்தப்போக்கு, கர்ப்பப்பை வாசலுக்கு வெளியே வந்து நிற்பது என்றால் மருத்துவரிடம் அனுப்புங்கள். உட்காரும் இடம் மரத்துப்போய், சிறுநீரோ மலமோ திடீரென்று கட்டுப்பாடு இழந்தால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்கு அனுப்புங்கள். மறுநாள் சந்திப்பு குறித்துக் கொடுக்காதீர்கள்.