தொட்டித் தவளைக்கு ஏற்ற துணை எது?

கண்ணாடித் தொட்டியில் வண்ண மீன் வளர்ப்போர் சிலர், நீரிலேயே வாழும் ஆப்பிரிக்கத் தவளைகளையும் மீன்களுடன் சேர்த்து வளர்க்க விரும்புகின்றனர். சில வாரங்கள் எல்லாம் நன்றாகவே இருக்கும். பிறகு ஒரு நாள் மீன் காணாமற் போகும். அல்லது தவளை மெலிந்து மடியும். பொருந்தாத துணையைச் சேர்ப்பதே பெரும்பாலும் இதற்குக் காரணம்.

தவளை எந்த வகை?

தொட்டிகளில் வளர்க்கப்படுபவை பெரும்பாலும் இரண்டு வகைகள்: குள்ளத் தவளை, நகத் தவளை. குஞ்சுப் பருவத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். இரண்டுக்கும் பின்னங்காலில் கரிய நகம் உண்டு. ஆகவே நகத்தைப் பார்க்காமல் முன்னங்கால் விரல்களைப் பார்க்க வேண்டும். விரல்களுக்கிடையே சவ்வு இருந்தால் குள்ளத் தவளை. சவ்வின்றி விரல்கள் தனித்தனியே இருந்தால் நகத் தவளை. வெள்ளை நிறத்தில் விற்கப்படுபவை பெரும்பாலும் நகத் தவளைகளே.

குள்ளத் தவளை 3 முதல் 4 செ.மீ. வரையே வளரும். நகத் தவளையில் பெண் 10 செ.மீ.க்கு மேலும் வளரும்.

நகத் தவளை

இதற்கு நாக்கு இல்லை. முன்னங்கைகளால் இரையை வாய்க்குள் தள்ளி விழுங்கும். வாய்க்குள் அடங்கும் எந்த மீனையும் விடாது. கெளுத்தி இன மீன்களை விழுங்க முயன்றால் அவற்றின் முள் வாயில் சிக்கித் தவளையே இறக்கக்கூடும். பெரிய மீன்களைச் சேர்த்தால் அவை தவளையின் கால்களைக் கடிக்கும். எனவே நகத் தவளையை ஒத்த அளவுள்ள தன் இனத்துடன் மட்டுமே வளர்ப்பது நல்லது.

குள்ளத் தவளை

இதனுடன் சாதுவான சிறு மீன்களைச் சேர்க்கலாம். கப்பி, நியான் டெட்ரா, தொட்டி நத்தை, வளர்ந்த செர்ரி இறால் ஆகியவை ஏற்றவை. கப்பி ஈனும் குஞ்சுகளையும் இறால் குஞ்சுகளையும் தவளை தின்னக்கூடும். டைகர் பார்ப், சிக்லிட் வகைகள், ஏஞ்சல், நண்டு, ஆமை ஆகியவற்றைச் சேர்க்கவே கூடாது. தங்கமீன் பெரிதாக வளர்வதாலும், குளிர்ந்த நீரை விரும்புவதாலும் பொருந்தாது. குள்ளத் தவளைக்கு 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் வெப்பம் ஏற்றது.

உணவில் கவனம்

சாதுவான மீனும் தவளையைப் பட்டினி போட்டுவிடும். குள்ளத் தவளைக்குக் கண்பார்வை குறைவு. மோப்பத்தாலேயே மெதுவாக இரை தேடும். அதற்குள் மீன்கள் எல்லாவற்றையும் தின்றுவிடும். இதைத் தவிர்க்க, முதலில் மீன்களுக்கு ஒரு மூலையில் மிதக்கும் உணவு இட வேண்டும். அவை பசியாறியபின், எதிர் மூலையில் அடியில் வைத்த அகல் போன்ற சிறு தட்டில் ரத்தப்புழுவை இட வேண்டும். நாளடைவில் தவளை அந்த இடத்தைப் பழகிக்கொள்ளும். அடிமட்டத்தில் மேயும் மீன்கள் தட்டையும் காலி செய்துவிடுமாதலால் அவற்றைத் தவிர்க்கலாம்.

வாரம் ஒரு முறை தவளையை மேலிருந்து பார்க்கவும். இடுப்பெலும்பு துருத்தி, வயிறு ஒட்டியிருந்தால் உடனே தனித் தொட்டிக்கு மாற்றவும்.

நீரும் மருந்தும்

தவளை நுரையீரலால் சுவாசிப்பதால் அடிக்கடி மேலே வர வேண்டும். ஆகவே நீரின் ஆழம் 30 செ.மீ.க்கு மிகாமலும், நீருக்கும் மூடிக்கும் இடையே காற்று இடைவெளி இருக்குமாறும் பார்த்துக்கொள்ளவும். குளோரின் நீக்கிய நீரையே பயன்படுத்த வேண்டும். தவளையின் தோல் நீரில் கலந்தவற்றை உறிஞ்சும். மீன்களுக்கு நோய் கண்டால் தாமிர மருந்தையோ உப்பையோ தவளை உள்ள தொட்டியில் இடாமல், மீனைத் தனிப் பாத்திரத்துக்கு மாற்றி மருத்துவம் செய்யவும்.

வெளியே விடாதீர்

வயல் தவளையைப் பிடித்துத் தொட்டித் தவளையுடன் விடுவது தவறு. வேண்டாத தொட்டித் தவளையைக் கிணற்றிலோ ஏரியிலோ விடுவது அதைவிடப் பெருந்தவறு. 1930களுக்குப் பின் கருத்தரிப்புச் சோதனைக்காகப் பல நாடுகளுக்குக் கொண்டு செல்லப்பட்ட நகத் தவளை, கலிபோர்னியா, சிலி, பிரான்சு ஆகிய இடங்களின் நீர்நிலைகளில் பெருகிவிட்டது. தவளைகளைக் கொல்லும் ஒருவகைப் பூஞ்சண நோயையும் அது சுமந்து செல்லக்கூடியது. வயற்பூச்சிகளைத் தின்று உழவருக்கு உதவும் நம் தவளைகளுக்கு அந்நிலை வரக்கூடாது. வளர்க்க இயலாதவர் வேறு வளர்ப்பவரிடம் ஒப்படைப்பதே முறை.