சிறு பாக்கெட்டில் மஞ்சள் தூள்

திருப்பூர், அவிநாசி, பல்லடம் வட்டாரங்களில் பனியன் கம்பெனித் தொழிலாளர்கள் பலருக்கு வாரக் கூலியே வழக்கம். கூலி வாங்கியதும் அந்த வாரத்துக்குரிய மளிகையை மட்டும் வாங்குகிறார்கள். வாடகை அறையில் தனியாகச் சமைப்பவருக்குக் கால் கிலோ மஞ்சள் தூள் பல மாதம் வரும். பெட்டிக் கடைகளில் சிறு பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்குவது இதனால்தான். குடும்பத்தினர் 100, 200 கிராம் பாக்கெட்டுகளை நாடுகின்றனர். கலப்படத்துக்கு அஞ்சி, விரலி மஞ்சளை வாங்கி மில்லில் அரைத்துக்கொள்பவர்களும் உண்டு.

சக்தி மசாலா நிறுவனம் 1975-இல் ஈரோட்டில் மஞ்சள் வியாபாரமாகத் தொடங்கியதே. மஞ்சள் முழுவதையும் மூட்டையாக விற்கும் சிறு விவசாயி, ஓரிரு மூட்டையை மட்டும் தூளாக்கிப் பார்க்கலாம். விலை சரியும் ஆண்டில் அது கைகொடுக்கும்.

எந்த அளவு?

ஒரு கிலோ தூளை 10 கிராம் வீதம் அடைத்தால் 100 உறைகள் வேண்டும். 50 கிராம் வீதமானால் 20 உறைகளே போதும். சிறு அளவில் உறைச் செலவும் கூலியும் லாபத்தைத் தின்றுவிடும். ஆகவே புதிதாகத் தொடங்குவோருக்கு 50 கிராம் ஏற்றது.

எந்த உறை?

உள்ளே இருப்பது தெரிந்தால் வாங்குவோருக்கு நம்பிக்கை வரும். ஆனால் வெளிச்சம் பட்டால் மஞ்சளின் நிறம் வெளுக்கும். மெல்லிய பாலித்தீன் உறையில் மணமும் நிற்காது. எனவே ஒளி புகாத, பல அடுக்கு உறையே நல்லது. அரைத்த தூளைச் சூடு ஆறிய பின்னரே அடைக்க வேண்டும். சூட்டோடு அடைத்தால் உள்ளே வியர்த்துக் கட்டி தட்டும்.

உறையில் என்ன இருக்க வேண்டும்?

பொடித்த மசாலாப் பொருள்களை உதிரியாக விற்கச் சட்டம் இடம் தரவில்லை. உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து, அந்த எண்ணையும், பெயர், முகவரி, நிகர எடை, தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி, அதிகபட்ச விலை ஆகியவற்றையும் அச்சிட வேண்டும். அக்மார்க் முத்திரை கட்டாயமில்லை. பெற்றால் மதிப்பு கூடும். வடமாநிலத் தொழிலாளர்கள் மிகுந்த ஊரில் மஞ்சள் கிழங்கின் படமும், இந்தியில் 'ஹல்தி' என்ற சொல்லும் விற்பனைக்கு உதவும்.

நிறத்துக்காகச் சாயம் சேர்ப்பது பெருங்குற்றம். ஈயக் குரோமேட் கலந்த தூள் பளிச்சென்று தெரியும். ஆனால் ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். உறை அழகைப் பார்த்து ஒருமுறை வாங்குவார்கள். மறுமுறை வாங்க வைப்பது உள்ளே இருக்கும் மஞ்சளே.