வேறுபட்ட வன்தட்டுகளை ஓரணியிற் பூட்டல்

மலையகத் தமிழர்க்குக் கடதாசி வெறும் கடதாசியன்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டமும், பிறப்பையும் வதிவையும் எழுத்தாற் காட்டும்படி நம் மூதாதையரைக் கேட்டன. காட்ட இயலாதார் பலர் நாடற்றோராயினர். அக்கதை 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை நீண்டது. எனவே, கொடகவெல, இறக்குவானைப் பக்கத்துத் தோட்டங்களிற் பழைய பிறப்புச் சான்றுகளையும் செக்றோல் ஏடுகளையும் பாடசாலைப் படங்களையும் கணினியிற் பதிந்து காக்க விரும்பும் பழைய மாணவர்க்கு, அவற்றை எதில் வைப்பது என்பது சிறு வினாவன்று. புதிய வன்தட்டுகள் விலை மிக்கவை. கைக்கு எட்டுவனவோ பலவகை: அலுவலகம் கழித்த கணினியில் இருந்தது ஒன்று, வெளிநாட்டிலுள்ள தம்பி அனுப்பியது ஒன்று. அளவாலும் வயதாலும் உற்பத்தியாளராலும் வேறுபட்ட இவற்றை ஓரணியாகப் பூட்டலாமோ? ஈண்டு அதனை ஆராயப் புகுகின்றோம்.

விலையுயர்ந்த பெருந்தட்டு ஒன்றினும், மலிவான சிறு தட்டுகள் பலவற்றை ஒன்றுசேர்த்தலே நன்று என 1988ஆம் ஆண்டிற் கட்டுரை வரைந்தோர் பேர்க்கிலிப் பல்கலைக்கழகத்து டேவிட் பற்றர்சன், கார்த் கிப்சன், றண்டி கற்ஸ் என்னும் மூவர். ‘றெயிட்’ என்ற பெயரும் அவர் இட்டதே. அதன் உட்பொருள் எளிது. கணக்கேட்டில் மூன்று தொகைகளையும் அவற்றின் கூட்டுத்தொகையையும் எழுதியுள்ளோம் என்க. ஒரு தொகை மையூறி அழிந்தால், கூட்டுத்தொகையிலிருந்து எஞ்சிய இரண்டையும் கழித்து அதனை மீட்கலாம். ஐந்தாம் வகை றெயிட் அணி, அத்தகைய ஈட்டுக் கணக்கைத் தட்டுகள் அனைத்திலும் பரப்பி வைக்கின்றது. ஒரு தட்டு மாண்டாற் குற்றமில்லை; அது மீளுமுன் இரண்டாவதும் மாண்டால் யாவும் போயிற்று.

அளவு வேறுபாட்டினால் விளைவது நட்டமேயன்றி ஆபத்தன்று. 4, 4, 6, 8 டெராபைற் கொண்ட நான்கு தட்டுகளை ஐந்தாம் வகையிற் பூட்டினால், அணி ஒவ்வொன்றையும் 4 டெராபைற்றாகவே மதிக்கும். மொத்தம் 22 இருந்தும் பயன் 12 மட்டுமே. பெரிய தட்டுகளில் 6 டெராபைற் தரிசாய்க் கிடக்கும். சினோலஜி நிறுவனத்தின் கலப்பு முறை அத்தரிசிலும் பயிரிட்டு 14 வரை தரும். ‘பீற்றிஆர்எவ்எஸ்’ என்னும் கோப்பு முறையோ, ஒவ்வொரு துண்டையும் இரு தட்டுகளில் வைத்து 11 தரும். பெயரளவில் ஒரே அளவின எனப்படும் தட்டுகளும் உண்மையிற் சிறிதே கூடிக் குறையலாம். பிற்காலத்தில் வாங்கும் மாற்றுத்தட்டு இம்மியளவு குறைந்திருப்பினும் அணி அதனை ஏற்காது. ஆதலால் தொடக்கத்திலேயே ஒவ்வொரு தட்டின் ஈற்றிலும் சிறிது இடம் விட்டுவைத்தல் தக்கது.

இயல்பு வேறுபாடே அஞ்சத்தக்கது. கொழுந்தையும் முற்றிய இலையையும் ஒரே உருளையில் இட்டால் தேயிலை ஒருபடித்தாய்ப் பதப்படாது என்பதை நம்மவர்க்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. வேகமான தட்டுகளோடு மெதுவான தட்டைச் சேர்த்தால், அணி முழுதும் அதன் நடைக்கே இறங்கும். அது பொறுக்கத்தக்கதே. ஆயின், கூரை ஓடுகள்போல் ஒன்றன்மேல் ஒன்று படியத் தடங்களை எழுதும் தட்டுகள் சில உள. ஒரு வரியைத் திருத்த அடுத்துள்ள வரிகளையும் பெயர்த்து எழுதவேண்டும். அணியை மீளக்கட்டும் வேளையில் இவை திணறி நெடுநேரம் விடையிறாதிருக்க, கட்டுப்படுத்தி அவற்றை இறந்தனவாகக் கருதித் தள்ளிவிடலாம். இத்தகைய தட்டு எதுவெனப் பெட்டியின் மேலேயே எழுதியிருக்கும் என நம்பவேண்டா. வெஸ்ரேர்ண் டிஜிற்றல் நிறுவனம் சேமிப்புப் பெட்டிகளுக்கென விற்ற றெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைற் வரையான தட்டுகள் இம்முறையின என்பது 2020 ஏப்ரலிலேயே வெளிப்பட்டது.

அங்ஙனமாயின் ஒரே நிறுவனத்தின் ஒரே மாதிரித் தட்டுகளை ஒரே நாளில் வாங்குதல் பாதுகாப்பாகுமோ? பலரும் ஆமென்பர், விற்பவர் உறுதியாக ஆமென்பர். நாம் உடன்படோம். நம் பகுதி றப்பர்க் காடுகள் இதற்குச் சான்று பகரும். ஆர்.ஆர்.ஐ.சி. 103 என்னும் குலவகை நன்கு பால் தருவதெனப் பரவலாக நடப்பட்டது. 1980களின் நடுப்பகுதியில் கொரினெஸ்போரா என்னும் இலைநோய் வர, அக்குலவகை மரங்களே பெரிதும் இலையுதிர்ந்து நலிந்தன. ஒரே உடல் கொண்டவை ஒரே நோய்க்கு இரையாகும். தட்டுகளின் நிலையும் அதுவே. முன்னர்க் கூறிய கார்த் கிப்சன், பியாங்கா சுறோடருடன் ஏறத்தாழ 100,000 தட்டுகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட கட்டுரை, தட்டுகளின் சாவுகள் ஒன்றோடொன்று தொடர்பற்றவை என்னும் கொள்கையை மறுத்தது. 2019 நவம்பரிலோ, எச்.பி.இ. நிறுவனம் தன் திண்மநிலைத் தட்டுகள் சில சரியாக 32,768 மணி நேரம் இயங்கியதும் செயலிழக்கும் என எச்சரித்துத் திருத்தம் வெளியிட்டது. அவ்வெண் 2இன் 15ஆம் அடுக்கு. உள்மென்பொருளின் எண்ணி அங்கே நிரம்பிவிட்டது. ஒரே நாளில் இயக்கிவைத்த தட்டுகள் ஒரே நாளிற் சாகும்போது ஈட்டுக் கணக்கால் ஆவதென்ன?

ஆகவே கலக்க வேண்டியது அளவையன்று, எழுதும் முறையையுமன்று. உற்பத்தியாளரையும் தொகுதியையும் வாங்கிய காலத்தையுமே. நன்கொடையாய் வந்த தட்டுகள் பலவகையாயின், ஒத்த அளவும் முறையும் உடைய இரண்டைத் தெரிந்து ஒன்றற்கொன்று பிரதியாகப் பூட்டுக. ஏனையவற்றை அணியிற் சேர்க்காது தனிப் பிரதிகளாக்கி வேறூர்களுக்கு அனுப்புக. 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் இரத்தினபுரியில் ஏறிய வெள்ளம் அறைக்குள் இருந்த யாவற்றையும் ஒருங்கே நனைத்தது. எவ்வகை அணியும் அதற்கு ஈடு கொடாது. தவறுதலாக அழித்த கோப்பையும் அணி மீட்டுத் தராது, அழிப்பையே உண்மையாகப் பிரதி செய்யும்.

இன்னுமொன்று. ஒவ்வொரு தட்டின் முகப்பிலும் அதன் தொடரிலக்கத்தையும் பூட்டிய திகதியையும் எழுதி ஒட்டிவைக்க. பழுதானதைக் கழற்றும் அவசரத்தில் நல்லதைக் கழற்றி அணியை இழந்தவர் பலர்.