விசைப்படகும் பேரியந்திரமும்

பாஞ்சாலங்குறிச்சிக்குக் கிழக்கே விரியும் தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் காற்றே கடிகாரமாக இருந்தது. பின்னிரவில் வீசும் நிலக்காற்று படகுகளை முத்துப்பாருக்குக் கொண்டு சென்றது. நண்பகலுக்குப் பின் எழும் கடற்காற்று அவற்றைக் கரைசேர்த்தது. இன்று இக்கரையின் விசைப்படகுகளுக்குக் கடிகாரம் சட்டத்தில் இருக்கிறது. காலை 5 மணிக்குப் புறப்பட்டு இரவு 9 மணிக்குள் திரும்ப வேண்டும் என்பது, 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டத்தின்கீழ் அமைந்த விதி. கரையை ஒட்டிய கடற்பகுதியில் அவை வலைவீசவும் கூடாது. இந்தப் பதினாறு மணி நேரத்தில் போக்குவரவுக்குச் செலவானது போக, எஞ்சிய நேரமே மீனவரின் வருவாய். பெரிய இயந்திரத்தின் மீதான விருப்பம் இங்கேதான் பிறக்கிறது.

சாலையில் ஓடும் மகிழுந்துக்குச் சிறிய இயந்திரம் போதுமானதாக இருக்கையில், படகுக்கு மட்டும் ஏன் அது போதுவதில்லை? நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. சமதளச் சாலையில் சீராக ஓடும் மகிழுந்து தன் திறனில் சிறு பகுதியையே செலவிடுகிறது. இறக்கத்தில் அதுவும் தேவையில்லை. படகுக்கு இறக்கம் என்பதே கிடையாது. விசையை நிறுத்திய சில நொடிகளில் நீர் அதைப் பிடித்து நிறுத்திவிடும். கடற்பயணம் முழுவதும் முடிவில்லாத மலையேற்றம் என்றே கொள்ளலாம்.

வேகம் இருமடங்கானால் நீரின் எதிர்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும். அதை வெல்லும் திறனோ எட்டு மடங்கு வேண்டும். அதற்கும் மேல் ஒரு தடை உண்டு. நீரைப் பிளந்து செல்லும் படகு தானே எழுப்பும் அலையில் தானே சிக்கிக்கொள்கிறது. நீர்மட்டத்தில் 9 மீட்டர் நீளமுள்ள படகுக்கு இவ்வெல்லை மணிக்கு ஏறத்தாழ 13 கிலோமீட்டர். இதைக் கடக்க வேண்டுமாயின் படகு தன் முன்னலையின் மீது ஏறி, நீர்ப்பரப்பின் மேல் வழுக்கிச் செல்ல வேண்டும். அவ்வாறு ஏறும் கணத்தில்தான் இயந்திரத்தின் மீது சுமை மிகுகிறது. மகிழுந்து ஓட்டுநர் இத்தகைய நேரத்தில் கியரை மாற்றிக்கொள்வார். படகிலோ முன்னோக்கிச் செல்லப் பெரும்பாலும் ஒரே கியர்தான். எனவே நடுத்தரச் சுழற்சியிலேயே மிகுந்த முறுக்குவிசை தேவைப்படுகிறது. கொள்ளளவு மிகுந்த இயந்திரம் அதை எளிதில் தருகிறது.

சிறிய இயந்திரத்தை வேகமாகச் சுழற்றி அதே குதிரைத்திறனைப் பெற முடியாதா? பெறலாம், ஆனால் எவ்வளவு நேரத்திற்கு? மகிழுந்து தன் முழுத்திறனை முந்திச் செல்லும் சில நொடிகளுக்கே கேட்கிறது. படகு மணிக்கணக்கில் கேட்கிறது. ஓயாது உச்சத்தில் சுழலும் சிறிய இயந்திரம் விரைவில் சூடேறித் தேய்ந்துபோகும். அமெரிக்க மகிழுந்துகளின் 5.7 லிட்டர், எட்டு உருளை இயந்திரங்கள் விரைவுப்படகுகளில் இடம்பெற்றதற்கு இதுவே காரணம்.

அவற்றின் எரிபொருள் பெட்ரோலாக அமைந்தது எடையின் பொருட்டு. ஒத்த திறனுள்ள டீசல் இயந்திரம் பொதுவாகக் கனமானது; நீரின் மேல் எழ வேண்டிய படகுக்குக் கனம் பகை. ஆயினும் பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் படகின் அடித்தட்டில் தேங்கி, ஒரு பொறியில் வெடித்துவிடும். ஆகவே உள்ளே பெட்ரோல் இயந்திரம் பொருத்திய படகுகளில், அதை இயக்குவதற்கு முன் மின்விசிறியால் அடித்தட்டுக் காற்றை வெளியேற்றுகின்றனர்.

தூத்துக்குடியின் இழுவைப் படகுகள் வழுக்கிச் செல்வதில்லை. வலையை இழுத்து மெல்ல நகர்பவை. எரிபொருள் சிக்கனமும் உழைப்பும் கருதி அவை டீசலையே நாடின. ஆனால் எட்டு மடங்குக் கணக்கு அவற்றையும் விடுவதில்லை. அரைமணி நேரம் முன்னதாகக் கரைசேரும் ஆசையில் வேகத்தைச் சற்றுக் கூட்டினாலும், அன்றைய பாட்டில் ஒரு பங்கை டீசலே தின்றுவிடும். கரையோரத்து நாட்டுப்படகுகளின் பின்புறம் தொங்கும் சிறு இயந்திரங்கள் பலவற்றுக்கு மண்ணெண்ணெய்தான் உணவு. அவற்றையும் முதலில் உயிர்ப்பிக்கச் சிறிது பெட்ரோல் வேண்டும். சூடேறிய பின்னரே மீனவர் குழாயை மண்ணெண்ணெய்க்குத் திருப்புவார்.