யோசனை கேட்டு வருபவருக்கு

ஸ்ரீரங்கம் உத்திர வீதிப் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கும் அன்பர் ஒருவர், ஒரு மார்ச் மாதக் கடைசியில் காந்தி மார்க்கெட்டுக்குச் சரக்கு எடுக்க வந்தார். வந்த இடத்தில், "ஜி.எஸ்.டி.யில் காம்போசிஷனுக்கு மாறலாமா அண்ணே?" என்று நம்மிடம் கேட்டார். லாரியிலிருந்து மூட்டை இறங்கிக்கொண்டிருந்த நேரம். "தாராளமாக மாறுங்க தம்பி, ஒரு சதவீதம்தானே, கணக்கு வேலையும் குறையும்" என்று சொல்லி அனுப்பிவிட்டோம்.

சொன்னதில் பொய் இல்லை. ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மேற்படாத மளிகை வியாபாரி, வரியுள்ள சரக்கின் விற்பனைக்கு 1 சதவீதம் கட்டினால் போதும். மூட்டை பிரித்து நிறுத்துக் கொடுக்கும் அரிசி, பருப்பு அந்தக் கணக்கில் சேராது. ஆனால் நாம் அவரிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

கையிருப்பு எவ்வளவு என்று கேட்டிருக்க வேண்டும். பங்குனி, சித்திரையில் வருஷத்துக்கு வேண்டிய மிளகாய், மல்லி வாங்கிக் காயவைப்பது நம் பக்கத்து வீடுகளின் வழக்கம். அதற்காக அவர் மிளகாய் வற்றல், மல்லி, எண்ணெய் டின் என்று கடை நிறைய அடுக்கியிருந்தார். எல்லாம் 5 சதவீத வரி கொடுத்து வாங்கி, அந்த வரியை வரவு எடுத்த சரக்கு. காம்போசிஷனுக்கு மாறுகிறபோது கையிருப்புச் சரக்கின் வரி வரவைத் திருப்பிக் கட்டியாக வேண்டும். 4 லட்ச ரூபாய்ச் சரக்கென்றால் 20,000 ரூபாய்.

யாருக்கு விற்கிறார் என்பதையும் கேட்கவில்லை. வீட்டுக்காரர்கள் மட்டுமென்றால் தொல்லையில்லை. இவரோ திருவானைக்காவலில் பதிவு பெற்ற இரண்டு கடைகளுக்கும் சரக்குப் போட்டு வந்தார். காம்போசிஷன்காரர் பில்லில் வரி வசூலிக்கக் கூடாது. வாங்குபவருக்கு வரி வரவும் கிடைக்காது. இரண்டு கடைக்காரர்களும் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள்.

வைகாசியில் வந்து விஷயத்தைச் சொன்னார். கோபித்துக்கொள்ளவில்லை, அதுதான் நமக்குச் சங்கடமாக இருந்தது. ஆடிட்டரிடம் அழைத்துப் போனோம். திட்டத்திலிருந்து நடுவிலேயே விலக வழி இருந்தது, விலகினார். போன வாடிக்கை திரும்பவில்லை. அன்றைக்கே ஆடிட்டரிடம் அனுப்பியிருக்கலாம். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

மொத்த வியாபாரம் செய்கிற நம்மிடம் யோசனை கேட்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. வைகுண்ட ஏகாதசி நெருங்கும்போது, "சர்க்கரை எத்தனை மூட்டை எடுக்கட்டும்?" என்பார்கள். விற்கப் போகிறவனிடமே கேட்கிறார்கள்! இப்போதெல்லாம், போன வருஷம் ராப்பத்து முடிந்தபோது எத்தனை மூட்டை மிச்சம் நின்றது என்று கேட்டுக்கொண்டுதான் பில் போடுகிறோம். சில நாள் பத்து மூட்டை ஆறாகிவிடுகிறது.