வாடிக்கை எங்கே போனது?



கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமத்தில் என் அப்பா பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். ஊருக்கே அவர் 'அண்ணாச்சி'. முன்பெல்லாம் வேறு கடையில் சாமான் வாங்கினால், "அண்ணாச்சி முகத்துல எப்படி முழிக்கிறது?" என்று தயங்குவார்கள். இன்று அந்தத் தயக்கம் போய்விட்டது. ஏன் என்று யோசித்ததன் விளைவே இக்கட்டுரை.

1. வாடிக்கை உருவான விதம்

நம் பூமி மானாவாரி. புரட்டாசியில் விதைத்தால் தை, மாசியில்தான் உளுந்தும் பாசியும் காசாகும். தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர்களுக்கு வாரக் கடைசியில்தான் சம்பளம். இடைப்பட்ட நாட்களில் அடுப்பு எரிந்தது கடையின் பற்று நோட்டால்தான். பாக்கி வைத்த கடையை விட்டு யார் போவார்கள்? ஆகவே நாம் பெருமை பேசிய வாடிக்கையில் ஒரு பங்கு கடன், ஒரு பங்கு டவுனுக்குள்ள தூரம். மீதிதான் நம்பிக்கை.

2. கரைந்த விதம்

முதலில் கரைந்தது கம்பெனிப் பெயர் மீதிருந்த பிடிப்பு. 1959ல் இந்தியாவுக்கு வந்த சர்ஃப் சலவைத்தூளில் கொடிகட்டிப் பறந்தது. 1969ல் குஜராத்தில் கர்சன்பாய் படேல் நிர்மாவைத் தொடங்கி, மிகக் குறைந்த விலையில் விற்றார். லட்சக்கணக்கான குடும்பங்கள் மாறின.

அடுத்து சாஷே பாக்கெட். 1983ல் கடலூரில் தொழில் தொடங்கிய சி.கே. ரங்கநாதனின் சிக் ஷாம்பு ஒரு வேடிக்கை செய்தது. எந்தக் கம்பெனியின் காலி பாக்கெட் ஐந்து கொடுத்தாலும் ஒரு சிக் இலவசம். ஜனங்கள் பழகியதும், சிக் காலி பாக்கெட்டுக்கு மட்டுமே இலவசம் என்றார்கள்! சில்லறைக் காசுக்குக் கிடைக்கும்போது ஒரு பெயரைவிட்டு இன்னொன்றுக்குத் தாவ என்ன கஷ்டம்?

இப்போது பஸ் வசதி உண்டு, செல்போன் உண்டு. 2016ல் வந்த யு.பி.ஐ. மூலம் வீட்டிலிருந்தே பணம் கட்டலாம். தூரம் என்ற பங்கும் போயிற்று.

3. தீப்பெட்டி தரும் பாடம்

நம் ஊர்த் தொழிலையே பாருங்கள். கடைக்காரரிடம் "ஒரு தீப்பெட்டி குடுங்க" என்கிறோமே தவிர, எந்த லேபிள் என்று கேட்கிறோமா? 2007 முதல் ஒரு ரூபாயாக இருந்த பெட்டி, 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாயானது. ஆனாலும் பிளாஸ்டிக் லைட்டர் வந்ததும் பலர் அதற்கு மாறினார்கள். 2023ல் இருபது ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதியை மத்திய அரசு தடை செய்யும் அளவுக்குப் போட்டி முற்றியது.

கடலை மிட்டாய் கதை வேறு. ஊர்ப் பெயரைச் சொல்லியே கேட்கிறார்கள். 2020ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. காரணம் விலையல்ல, ருசி.

4. என் குற்றம்

சென்ற ஆண்டு நானே எங்கள் கடையில் இருக்கும் சோப்பை, ஆஃபருக்கு ஆசைப்பட்டு செல்போனில் ஆர்டர் போட்டேன். பார்சல் கொண்டுவந்த தம்பி வழி கேட்டு நின்றது அப்பாவின் கடையில்தான்! அப்பா வாங்கி வைத்திருந்தார். சாயங்காலம், "எவ்வளவுப்பா குறைச்சான்?" என்று மட்டும் கேட்டார். பன்னிரண்டு ரூபாய் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. என் காலேஜ் பீஸ் அந்தக் கல்லாவிலிருந்துதான் வந்தது.

முடிவுரை

என்னையே நிறுத்தி வைக்க முடியாத வாடிக்கை, ஊராரை எப்படி நிறுத்தும்? ஆனால் கைப்பிள்ளைக்காரிகள் இன்றும் ராத்திரி பத்து மணிக்கு எங்கள் கதவைத்தான் தட்டுகிறார்கள். அது அந்த மூன்றாவது பங்கு.

நண்பர்களே, நாளை நம்மில் சிலர் லேத் பட்டறை வைப்போம், மோட்டார் காயில் கட்டுவோம். கடனும் தூரமும் நமக்கு ஆள் பிடித்துத் தராது. அளவு சுத்தமாக, சொன்ன தேதியில் கொடுத்தால் மட்டுமே வந்தவர் மறுபடி வருவார்.

— மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்